உதறினால்தான் உசுரு வருது

தென்காசிப் பக்கம் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவு, ஏதோ படபடக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். கூண்டுக்குள் கோழி சிறகடிப்பது போல இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்தபடி பெரியம்மா வலது கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டிருந்தார். பழைய பாதரசக் காய்ச்சல்மானியை உதறுவோமே, அந்த மாதிரி. “என்ன பெரியம்மா, பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?” என்று கேட்டேன். “பூச்சியுமில்ல, புழுவுமில்ல. கை செத்துக் கெடக்குல. உதறுனாத்தான் உசுரு வருது” என்றார். அப்போது மணி இரண்டே கால். தினமும் அந்த நேரத்துக்கு இதுதான் கதை என்பதை, வாசலுக்கு வரும் பால்காரரைப் பற்றிச் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

பீடி சுற்றிப் பிழைத்த கை அது. 14 வயதில் மடியில் சுளகை வைத்தவர், அறுபதை நெருங்கும்வரை இறக்கி வைக்கவில்லை. அதோடு வீட்டுக்குத் தண்ணீர் இறைத்தது, மாவாட்டியது, நாலு பேர் துணியைத் துவைத்துப் பிழிந்தது எல்லாம் அதே கைதான்.

அந்த இரவுக்கு முன்பே இரண்டு வருடமாக அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முதலில் ‘ரத்த ஓட்டம் சரியில்லை’ என்று தைலம். பிறகு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று வாரத்துக்கொரு சிவப்பு ஊசி. அதற்கும் கேட்கவில்லை என்றதும் ஒருவர் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்து, எலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டிவிட்டார். அந்த வயதில் யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். கழுத்தில் காலரோடு, குனிய முடியாமல், சுளகைத் தூக்கி வைத்துக்கொண்டு பீடி சுற்றினார். இடையில் பக்கவாதத்துக்கு முன்னறிவிப்போ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம் வேறு.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், ஒரு இளம் மருத்துவர் இரண்டே கேள்வி கேட்டார். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? சுண்டுவிரலும் மரக்கிறதா? முதல் கேள்விக்கு உடனே ‘ஆமாம்’. இரண்டாவதற்குப் பெரியம்மாவிடம் பதில் இல்லை. அத்தனை நாளும் கையை மொத்தமாக ஒரு கையாகத்தான் நினைத்திருந்தாரே தவிர, விரல் விரலாகப் பிரித்து யோசித்ததில்லை. அன்றிரவு கவனித்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் எனக்கு ஃபோன் செய்தார். “சுண்டுவெரலு நல்லாத்தான் இருக்குல. அது மட்டுந்தான் முழிச்சிக்கிட்டு இருக்கு.”

நோயறிதலில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

ஒன்பது நாண்கள், ஒரு நரம்பு

உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டு ரேகைக்குச் சற்று மேலே, கையின் அடிப்பகுதியில் அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஒரு சிறிய சுரங்கம் இருக்கிறது. எட்டுச் சிறு எலும்புகள் பிறை வடிவில் சேர்ந்து அதன் தரையும் சுவருமாக நிற்கின்றன. மேலே குறுக்காக ஒரு தடித்த தசைநார் கூரை போட்டிருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்கள் இந்த வழியாகத்தான் உள்ளங்கைக்குள் போகின்றன. கூடவே ஒரு நரம்பும் போகிறது. நடு நரம்பு என்று பெயர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அதுதான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு. அது இந்தச் சுரங்கத்துக்குள் நுழைவதே இல்லை. ஊரே தூங்கும்போது பெரியம்மாவின் சுண்டுவிரல் மட்டும் விழித்திருந்த ரகசியம் இவ்வளவுதான்.

எலும்பும் விரியாது, கூரையும் நெகிழாது. உள்ளே நாண்களைச் சுற்றியிருக்கும் உறை கொஞ்சம் தடித்தாலும், நீர் கோத்துக்கொண்டாலும் நசுங்குவது அங்கிருப்பவற்றில் மிக மென்மையான நரம்புதான். 1981-இல் கெல்பர்மேன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் சுரங்கத்துக்குள் நுண்குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும்போது, நோயில்லாதவர்களுக்குச் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவு; நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை மடக்கியதும் நோயில்லாதவர்களுக்கே 31-க்கு ஏறியது, நோயாளிகளுக்கு 94. தூக்கத்தில் நாம் கையை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது நமக்குத் தெரியாது. பெரும்பாலும் மடக்கி, கன்னத்துக்கு அடியிலோ மார்போடு சேர்த்தோ வைத்துக்கொள்கிறோம். நரம்புக்கு ரத்தம் குறைகிறது. இரண்டே காலுக்கு அது கூப்பாடு போட்டு ஆளை எழுப்புகிறது. உதறினால் சுரங்கம் சற்று விடுபட்டு ரத்தம் திரும்புகிறது. உதறல் வைத்தியத்தைப் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உலகம் முழுக்க இந்த நோயாளிகள் தாமாகவே கண்டுபிடிக்கும் வைத்தியம் அது. மருத்துவர்கள் அதையே ஓர் அடையாளமாகக் கேட்டறிகிறார்கள்.

ஆங்கிலத்தில் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். தமிழில் மணிக்கட்டுக் குகை நோய் என்று எழுதுகிறார்கள். மருந்துச் சீட்டில் ‘சி.டி.எஸ்.’ என்று மூன்றெழுத்தாகக் கிடக்கும். நம் மக்கள் எந்தப் பெயரும் வைக்கவில்லை, ஆனால் அறிகுறிக்கு வைத்திருக்கும் சொற்கள் பாடப்புத்தகத்தைவிடத் துல்லியம்: மதமதப்பு, விறுவிறுப்பு, குடைச்சல், எறும்பு ஊர்வது, மின்சாரம் பாய்வது, கை செத்துப்போவது.

கம்ப்யூட்டர் மேல் விழுந்த பழி

இந்தப் பெயரைக் கேட்டதும் படித்தவர்களின் கண்முன் வருவது கீபோர்டும் மவுஸும்தான். 1980-களிலும் 90-களிலும் அலுவலக மேசைகளைக் கணினி பிடித்துக்கொண்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட எண்ணம் இது. இன்றும் ‘ஐ.டி. ஊழியர்களைத் தாக்கும் நோய்’ என்ற தலைப்பில்தான் கட்டுரைகள் வருகின்றன.

நோயின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரான்ஸில் பியர் மரி, சார்லஸ் ஃபோய் என்ற இருவர் 1913-இல், இரு கைகளிலும் கட்டைவிரல் மேடு வற்றிப்போன 80 வயதுக்காரர் ஒருவர் இறந்த பிறகு அவர் மணிக்கட்டைத் திறந்து பார்த்தார்கள். தசைநாருக்கு அடியில் நரம்பு நசுங்கிக் கிடந்தது. முன்கூட்டியே அந்தத் தசைநாரை வெட்டிவிட்டிருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாமோ என்று எழுதி வைத்தார்கள். 1947-இல் லண்டனில் ரஸ்ஸல் பிரெய்னும் சகாக்களும், இரு கைகளிலும் இந்த நோய் இருந்த ஆறு பேருக்கு அதையே செய்து பார்த்து, ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 1950-களில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபேலன் இதை ஊரறியச் செய்தார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பகுதி நடுத்தர வயதுப் பெண்கள். அலுவலக மேசைக்குக் கணினி வராத காலம் அது.

டென்மார்க்கில் கணினியில் வேலை பார்க்கும் சுமார் 7,000 தொழில்நுட்ப உதவியாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. கீபோர்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம் மட்டும் அறிகுறி சற்றுக் கூடியிருந்தது. அதற்காகக் கணினி முன் பன்னிரண்டு மணி நேரம் குறுகி உட்காரலாம் என்று நான் சொல்லவரவில்லை. கழுத்தும் தோளும் முதுகும் அதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. ஆனால் கணினி மேல் போட்ட இந்தப் பழிக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. கை மரக்கிறது என்று வரும் பெண்ணிடம் “கம்ப்யூட்டர் வேலையா?” என்று கேட்கிறார்கள். “இல்லை சார், வீட்டுலதான் இருக்கேன்” என்கிறாள். அதோடு பேச்சு கழுத்துக்கோ சத்துக்குறைவுக்கோ போய்விடுகிறது.

உண்மையில் நரம்பை நசுக்குபவை: திரும்பத் திரும்ப விசை கொடுத்துப் பிடிக்கும் வேலை, மணிக்கட்டை மடக்கியே வைத்திருக்கும் வேலை, அதிரும் கருவி. கல் உடைக்கும் இடத்தில் துளை போடும் எந்திரத்தைப் பிடித்து நிற்பவர், நாள் முழுக்க மாவு பிசையும் பரோட்டா மாஸ்டர், திருப்பூரில் பனியனின் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே இருக்கும் பெண், விடிவதற்குள் கூடை நிறையப் பூக்கட்டும் அக்கா எல்லோரும் இந்த வரிசையில் வருகிறார்கள்.

பீடியை நான் கிட்டத்தில் பார்த்தவன் என்பதால் அதன் கணக்கைச் சொல்கிறேன். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். ஊறவைத்த இலையை மடியில் போட்டு, அதன்மேல் தகரம் வைத்து, ஓரத்தைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். ஓர் இலைக்கு மூன்று வெட்டு என்று குறைத்து வைத்தாலும், ஆயிரம் பீடிக்கு மூவாயிரம் தடவை கட்டைவிரல் கத்தரியை அழுத்துகிறது. பிறகு தூள் வைத்து உருட்டுவது, வாயை மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் நடு நரம்பு ஆளும் அதே மூன்று விரல்களில்தான். கத்தரி மழுங்கினால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் அழுத்தம். சாணை பிடிக்கப் பெரியம்மாதான் தன் கைக்காசைக் கொடுப்பார். அதனால் முடிந்தவரை தள்ளிப்போடுவார். இந்த நோயைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், பந்தை அழுத்தும் பயிற்சிக்கு முன்னால் கத்தரிக்குச் சாணை பிடியுங்கள் என்பேன்.

வேலை மட்டுமே காரணம் என்று சாதிக்கவும் முடியாது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சுமார் மூன்று மடங்கு வருகிறது. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், முன்னர் முறிந்து கூடிய மணிக்கட்டு, பல வருட டயாலிசிஸ் ஒவ்வொன்றும் சுரங்கத்தை நெருக்கும். பெரியம்மாவுக்குக் கைக்காகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் உடலில் நீர் கோக்கும்போது வரும். “பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் போய்விடும். ஆனால் அதுவரை தூங்காமல் கிடக்க வேண்டியதில்லை, ராத்திரியில் ஒரு மணிக்கட்டுப் பட்டை போதும். வயதான ஆண்களுக்குக் காரணமே தெரியாமல் இரு கைகளிலும் வந்தால் இதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். அமிலாய்டு என்ற புரதம் இதயத்தில் படிந்து தொல்லை கொடுப்பதற்குப் பல வருடம் முன்பே மணிக்கட்டில் படிவது உண்டு.

வீட்டிலேயே ஒரு நிமிடம்

இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கித் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். ஃபேலன் சொன்ன சோதனை இது. அதற்குள் முதல் மூன்று விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகப்படலாம். மருத்துவர் மணிக்கட்டில் விரலால் தட்டியும் பார்ப்பார்; சுள்ளென்று விரல் நுனிவரை பாயும். இரண்டும் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்பவை அல்ல. எத்தனை சோதனை இருந்தாலும், எந்த விரல், எந்த நேரம் என்று நோயாளி சொல்லும் கதைக்குத்தான் மதிப்பு அதிகம். கதை குழப்பமாக இருந்தாலோ அறுவை சிகிச்சைக்கு முன்போ நரம்பில் மின்னோட்டத்தின் வேகத்தை அளக்கும் பரிசோதனை செய்வார்கள். எறும்பு கடிப்பது போல வலிக்கும். திரையில் கோடுகள் ஓடும். முன்கையில் சரியாக ஓடிவரும் சமிக்ஞை, மணிக்கட்டைத் தாண்டும்போது தாமதமாவது தெரியும். இதற்காக நகரத்துக்குப் போகக் காசில்லை என்று வைத்தியத்தையே ஒத்திப்போட வேண்டாம். பட்டை போட ஆரம்பிப்பதற்கு இந்தச் சோதனை தேவையில்லை.

தவறாமல் பார்க்க வேண்டியது கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மேடு தட்டையாகியிருந்தால், சட்டைப் பொத்தான் போடவும் ஜாக்கெட் கொக்கி மாட்டவும் சில்லறையைப் பொறுக்கவும் தடுமாறினால், காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. நோய் முற்றும்போது சிலருக்கு வலி குறைந்துவிடும். விட்டுவிட்டு வந்த மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும், ராத்திரியில் எழுப்பாது. சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். கூப்பாடு போடவும் தெம்பில்லாமல் நரம்பு ஓய்ந்திருக்கும்.

மரக்கும் கையெல்லாம் மணிக்கட்டுக் குகையும் ஆகாது. திடீரென்று ஒரு பக்கம் முழுவதும் செயலிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. கழுத்திலிருந்து கையை நோக்கி வலி பாய்ந்தால் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கால்களிலும் மரப்பு இருந்தால் சர்க்கரையின் வேலையாக இருக்கலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், தொட்டால் தடித்துத் தெரியும் நரம்பு, இவற்றோடு கை மரத்தால் தொழுநோய்க்காகப் பார்க்க வேண்டும். அதற்கு முழுமையான மருந்து அரசிடம் இலவசமாகவே இருக்கிறது.

பட்டை, ஊசி, கத்தி

ஆரம்ப நிலையில் முதலில் செய்துபார்க்க வேண்டிய வைத்தியம் மலிவானதும்கூட. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. ஆறு வாரமாவது தினமும் போட வேண்டும். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல பட்டைகளுக்குள் இருக்கும் அலுமினியத் தகடு, கையைப் பின்பக்கம் வளைத்து நிறுத்தும்படி இருக்கிறது. அதை உருவி எடுத்து, தட்டி நேராக்கி, திரும்பச் செருக வேண்டும். யாரும் சொல்வதில்லை, அப்படியே மாட்டிக்கொண்டு, பட்டை போட்டும் கேட்கவில்லை என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. எலாஸ்டிக் துணியை இறுக்கிச் சுற்றுவது இன்னும் மோசம். ஏற்கெனவே நெருக்கடியான இடத்தை வெளியிலிருந்தும் நெருக்கும்.

அடுத்தது சுரங்கத்துக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. நன்றாகக் கேட்கும், ஆனால் பலருக்கு நிலைக்காது. 2013-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், ஊசியால் பத்து வாரத்தில் நல்ல குணம் தெரிந்தும், ஓராண்டுக்குள் நான்கில் மூன்று பேர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும் என்பதால் கவனம் வேண்டும். ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும், கொஞ்ச காலம் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கும் இது வரப்பிரசாதம்.

சிவப்பு ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. சத்துக் குறைவால் வரும் மரப்புக்கு பி12 ஊசி மருந்துதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதும் உண்மை. அளந்து பார்த்துக் குறைவு என்றால் போட வேண்டியதுதான். ஆனால் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்ட நரம்பைச் சத்து மாத்திரை வெளியே இழுத்துவிடாது. பி6 மாத்திரையை அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பழக்கமும், கேட்டதும் எழுதிக்கொடுக்கும் பழக்கமும் சேர்ந்து, நம்மிடம் இந்த நோய்க்குக் குறைந்தது ஒரு வருடத்தைத் தின்றுவிடுகின்றன என்பது என் கணிப்பு.

நெதர்லாந்தில் 176 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பட்டையும் மறுபாதிக்கு அறுவை சிகிச்சையும் கொடுத்து 2002-இல் வெளியிட்டார்கள். 18 மாதம் கழித்து அறுவை செய்துகொண்டவர்களில் 90 சதவீதமும், பட்டை போட்டவர்களில் 75 சதவீதமும் குணமடைந்திருந்தார்கள். ஆனால் பட்டை போட்டவர்களிலேயே 41 சதவீதம் பேர் இடையில் அறுவை சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள். எனவே பட்டையைப் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கேட்காவிட்டால் அதையே கட்டிக்கொண்டு அழுவதில்தான் நஷ்டம்.

அறுவை என்றதும் நம் மக்கள் பயப்படுவது, நரம்பை வெட்டிவிடுவார்கள் என்று. வெட்டுவது கூரையைத்தான். உள்ளங்கையின் அடியில் சில சென்டிமீட்டர் கீறி, குறுக்குத் தசைநாரை நீளவாக்கில் பிரித்துவிடுகிறார்கள். கை மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டால் போதும். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கை அறுவை சிகிச்சையில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததில்லை. 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கியதிலிருந்து, சென்னை ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே வளர்த்தெடுத்த துறைவரை பெரிய மரபு இருக்கிறது. அந்த மரபோடு வைத்துப் பார்த்தால் இது சின்ன வேலை.

பெரியம்மாவுக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது. விழித்தபடியே படுத்திருந்தவர், பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பார்த்து, “கூரையப் பிரிச்சாச்சாய்யா?” என்று கேட்டாராம். அன்றிரவு தையல் வலியைத் தவிர வேறெதுவும் இல்லாமல் விடியும்வரை தூங்கினார். பழக்கதோஷத்தில் பெரியப்பாதான் இரண்டே காலுக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றினால் மூன்று மாதம் வலித்தது. இது பலருக்கும் வருவதுதான், தானாகச் சரியாகும். ஆனால் வற்றிப்போன கட்டைவிரல் மேடு திரும்பவே இல்லை. ஊசியில் நூல் கோக்க இன்றும் பேத்தியைக் கூப்பிடுகிறார். இரவு மரப்பு போய்விட்டது, இரண்டு வருடம் தாமதித்ததற்கான அபராதம் மட்டும் கையிலேயே தங்கிவிட்டது. இடது கையிலும் மரப்பு இருந்தது; முற்றாததால் அது பட்டையிலேயே சரியாகிவிட்டது.

அட்டவணையில் இடமில்லை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக் குகை நோய் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. நிபந்தனையோடுதான்: நீண்ட காலம் திரும்பத் திரும்ப விசை கொடுத்துச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டை மிகையாக வளைக்கும் நிலை, அல்லது இவை சேர்ந்த வேலையால் வந்திருக்க வேண்டும். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டினால் ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை எல்லாம் இருக்கும். இந்த நோய் இருக்காது. 2020-இல் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துப் புதிதாக எழுதியபோதும் அந்த 29 நோய்களின் பட்டியல்தான் திரும்ப வந்தது. நச்சுக்கும் தூசிக்கும் அங்கே இடம் உண்டு. தேய்ந்துபோகும் கைக்கு இல்லை.

சர்க்கரையும் தைராய்டும் இதே நோயைக் கொண்டுவரும்போது, முதலாளியை எப்படிப் பொறுப்பாக்குவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் நிபந்தனையோடு பட்டியலிடுகிறார்கள். சந்தேகம் இருக்கிறது என்பதற்காகக் கதவையே பூட்டிவைப்பது, எல்லாக் கைகளின் தேய்மானத்தையும் தொழிலாளி தலையிலேயே கட்டுவதாகும். ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்பதற்கே கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. காலுக்குக் கிடைத்த அந்தக் கரிசனம் கைக்கும் கிடைக்கலாம். பீடித் தொழிலாளருக்கென்று 1976-இலிருந்து நலநிதி இருந்தது, அதிலிருந்து மருந்தகங்கள் நடந்தன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நிதிக்கான தீர்வை ரத்தானது. அந்த மருந்தகங்களில் நெஞ்சைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். பெரியம்மா வருடக்கணக்கில் போய்வந்திருக்கிறார். கையை நீட்டச் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

சட்டம் மாற வருடங்கள் ஆகும். கேள்வி கேட்க அவ்வளவு நாள் ஆகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் வீட்டுக்கே வருகிறார்கள். யாருக்கு இந்த நோய் அதிகம் வருமோ அவர்கள் எதிரிலேயே, விரலைப் பிடித்து ரத்தத் துளி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ராத்திரி கை மரத்து எழுப்புகிறதா, சுண்டுவிரல் தப்புகிறதா’ என்று அதே மூச்சில் கேட்டுவிடலாம். ஆமாம் என்றால் ஒரு பட்டை, ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பார்வை. கட்டைவிரல் மேடு வற்றியிருந்தால் நேராக மாவட்டத் தலைமை மருத்துவமனை. இதற்குப் பெரிய திட்ட அறிக்கை எழுதத் தேவையில்லை, படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பெரியம்மா படிவத்துக்குக் காத்திருக்கவில்லை. பீடி சுற்றுவதை விட்டாலும், மாலையில் பீடி ஒப்படைக்கும் கடைப்பக்கம் பழக்கத்துக்குப் போய்வருவார். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கணக்கப்பிள்ளை கட்டுகளை எண்ணி முடிக்கும்வரை வரிசையில் நின்ற பெண்கள் ஐந்து பேரை ஓரமாகக் கூப்பிட்டு, புறங்கையோடு புறங்கையை ஒட்டி விரல்களைத் தொங்கவிடச் சொன்னார். “அசையப்படாது, அறுபது எண்ணுதவரைக்கும்” என்று அவரே எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் கையை விடுவித்து உதறினார்கள்.